ஒற்றை விசைக்குப் பின்னால்

"இதில் சி மொழி இல்லையா, சார்?" காந்திகிராமத்தில் மாணவர் ஒருவர் கேட்டார். பழகிய நீலத்திரை இல்லாததே அவர் ஐயத்துக்குக் காரணம். திரையையே மொழி என்று எண்ணிவிட்டார்!

நாம் எழுதும் நிரல் இயந்திர மொழியாக மாறி, நூலகப் பகுதிகளுடன் இணைந்த பிறகே இயங்கும். முன்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை தரவேண்டும். 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் நிரலிலிருந்த பிழையைத் திருத்தினார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி மொழிமாற்றம் செய்யவில்லை. இல்லாத பிழையைத் தேடியே ஒரு காலைப்பொழுது வீணாயிற்று. இதைக் கண்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்னும் கருவியை அமைத்தார். எந்தக் கோப்பு மாறியதோ, அதை மட்டும் அது மீண்டும் மொழிமாற்றும். பல கோப்புகள் கொண்ட பெரிய நிரல்களுக்குப் பேருதவி.

1983இல் டர்போ பாஸ்கல் வந்தது. எழுதுதல், மொழிமாற்றம், இயக்கம் மூன்றும் ஒரே திரையில்! அதன் வழியில் 1987இல் வந்தது டர்போ சி. அவ்வரிசையின் நீலத்திரையில்தான் நம் கல்லூரி மாணவர் பலர் நிரல் எழுதப் பழகினர்.

ஒரே கோப்புள்ள சிறு நிரலுக்கு மேக் தேவையில்லை. ஒருங்கிணைந்த திரையே போதும். ஆனால் ஒருமுறையேனும் மொழிமாற்றத்தையும் இணைப்பையும் தனிக் கட்டளைகளால் செய்து பாருங்கள். விசைக்குப் பின்னால் நடப்பது விளங்கிவிட்டால், திரை மாறினாலும் கை தயங்காது அல்லவா?