நறுக்கிலிருந்து ரேடியம் வரை

சின்னமனூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது செப்பேடுகள். இராசசிம்ம பாண்டியன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்டவை. பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் சொல்வதால் அறிஞர்கள் அவற்றை விடாமல் எடுத்துக்காட்டுவார்கள். கைத்தொழில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கோ வேறொன்று தோன்றும். செப்பேடு தன் வடிவத்தைப் பனையோலையிடமிருந்து வாங்கிக்கொண்டது. தகடுகளை நீளவாக்கில் ஒரே அளவாக வெட்டி, துளையிட்டு, வளையத்தில் கோப்பது வழக்கம். அதாவது எழுத்து வெட்டுபவனுக்கு முன்னால் தகடு வெட்டுபவன் வேலையை முடித்திருக்க வேண்டும்.

பள்ளியில் அச்சுக்கலை, வடிவமைப்பு வகுப்புக்கு எந்த வெட்டும் கருவி வாங்கலாம் என்று இளைய ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு. விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், இந்தக் கருவிகள் வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்பது நல்லது.

நம் பள்ளிகளின் முதல் வெட்டும் கருவி மடக்கெழுத்தாணி. ஒரு முனையில் எழுத ஊசி, மறுமுனையில் ஓலை வார ஒரு சிறு கத்தி. இரண்டையும் மடக்கிப் பிடிக்குள் அடக்கிவிடலாம். எழுதாதபோது கூர்முனை வெளியே தெரியாது. வெட்டிய ஓலைத் துண்டுக்கு ‘நறுக்கு’ என்றே பெயர். திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கருவி போதுமாக இருந்தது.

காகிதம் வந்த பிறகு கதை மாறியது. ஐரோப்பாவில் பைண்டிங் செய்பவர்கள் புத்தகத்தை மரப்பிடியில் இறுக்கி, முன்னும் பின்னும் தள்ளும் கத்தியால் ஓரத்தைச் சீவினார்கள். ஆங்கிலத்தில் அந்தக் கருவிக்குப் பெயர் கலப்பை! ஒரு தள்ளுக்குச் சில தாள்கள்தான் அறுபடும். 1844இல் பிரான்சில் கியோம் மாசிக்கோ, ஒரு கட்டுத் தாளை மேலிருந்து ஒரே இறக்கில் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பிரெஞ்சு மொழியில் அந்த இயந்திரத்தை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் வைத்த பெயர் கில்லட்டின். தலை வெட்டும் கருவியின் பெயர் அது. நம் அச்சகங்களில் ‘கட்டிங் மெஷின்’ என்போம்.

அது இல்லாமல் அச்சுத்தொழில் இல்லை. தமிழ்ப் புத்தகங்களில் ‘டெம்மி 1/8’ என்று அளவு போட்டிருப்பார்கள். பதினேழரைக்கு இருபத்திரண்டரை அங்குலத் தாளை மூன்று முறை மடித்தால் எட்டு இதழ், பதினாறு பக்கம். மேலும் கீழும் வெளி ஓரத்திலும் அரைக்கால் அங்குலம் சீவினால் ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் புத்தகம் கிடைக்கும். அந்த அரைக்கால் அங்குலத்தில் சறுக்கினால் பக்கம் கோணும், எழுத்தும் வெட்டுப்படும். மாணவன் கற்க வேண்டியது முதலில் இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் இறங்கும் கத்திக்குத் தாளுக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய அச்சகங்களில் விரல்நுனி இழந்தவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஆபத்தான இயந்திரங்களில் இளம் வயதினரை வேலை செய்யவிடுவதற்கு நிபந்தனை விதித்திருந்தது: ஆபத்தை முழுவதும் விளக்கியிருக்க வேண்டும், போதிய பயிற்சி கொடுத்திருக்க வேண்டும், அல்லது நன்கு தெரிந்தவர் பக்கத்தில் நின்று கண்காணிக்க வேண்டும். அந்த இயந்திரங்கள் எவை என்று மாநில விதிகள் சொன்ன பட்டியலில் கில்லட்டினும் இருந்தது. பள்ளிக்கூடம் தொழிற்சாலை அல்ல என்று வாதம் செய்யலாம். விரல் அந்த வாதத்தைக் கேட்காது.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. கருவி வாங்குவது என்றால் பெரிய இயந்திரம் வாங்குவது என்ற எண்ணம் அன்று பலருக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்த ஒரே இயந்திரத்தில் ஆசிரியர் வெட்ட, நாற்பது பேரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

என் யோசனை இது. முதலில் எஃகு அளவுகோல், வெட்டுவிரிப்பு, நுனி உடைக்கும் கத்தி. ஜப்பானின் ஒசாகாவில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா 1956இல் கண்ட உபாயம் அது. சாக்லேட் துண்டை உடைப்பதுபோல் மழுங்கிய நுனியை உடைத்துவிட்டுப் புது முனையால் வெட்டலாம். மழுங்கிய கத்திதான் ஆபத்து. பலம் கொடுத்து அழுத்துவோம், வழுக்கும். விரலுக்குத் தடுப்பு உள்ள அளவுகோலாக வாங்குங்கள். உடைத்த நுனிகளுக்கு மூடி போட்ட டப்பா வையுங்கள். மணி அடிக்குமுன் கத்திகளை எண்ணி வாங்குங்கள்.

இரண்டாவது, தண்டவாளத்தில் ஓடும் உருளைக் கத்தி. வட்டக் கத்தி உறைக்குள் மறைந்திருக்கும். ஒரு நேரத்தில் சில தாள்தான் வெட்டும். வகுப்புக்கு அது போதும். கையால் இறக்கும் நீளக் கத்திப் பலகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் தாளைப் பிடித்த கை கத்திக்குப் பக்கத்திலேயே இருக்கும். தடுப்புக் கம்பியும், கத்தியைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங்கும், பூட்டும் இல்லாததை வாங்க வேண்டாம்.

மூன்றாவது, கணினியோடு இணைந்த ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர். ஊரில் ‘ரேடியம் கட்டிங்’ கடைகளில் வண்டி நம்பர் வெட்டுவது இதில்தான். கத்தி நுனி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் வெளியே நீட்டியிருக்கும். மூன்று சுழி ‘ண’வை வெட்டி, சுழிகளுக்குள் இருக்கும் துணுக்குகளை ஊசியால் எடுக்கும் பையனுக்குத் தமிழ் எழுத்தின் வடிவம் மனப்பாடம் ஆகிவிடும். லேசர் இருக்கிறதே என்று அந்த ஸ்டிக்கரை அதில் வைத்து வெட்டாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

பெரிய கில்லட்டின் அச்சகத்திலேயே இருக்கட்டும். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒருசேர அழுத்தினால்தான் இறங்கும் புது இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனாலும் கத்தியைக் கழற்றி மாட்டும் நேரத்தில் அந்தப் பாதுகாப்பு உதவாது. பிள்ளைகளை ஒருநாள் அச்சகத்துக்கு அழைத்துப் போய்த் தள்ளி நிறுத்திக் காட்டுங்கள். இயந்திரம் வாங்க ஒதுக்கிய பணம் மீதமாகும். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அளவுகோலும் ஒரு கட்டுத் தாளும் வாங்கிவிடலாம்.