நடுவில் இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள்?

போன மாதம் அக்கா பையன் தன்னுடைய வேலை விண்ணப்பத்தை எனக்கு அனுப்பி, "மாமா, ஒரு தடவை பார்த்துக் குடுங்க" என்றான். பார்த்தேன். பி.காம். முடித்த வருஷத்துக்கும் இன்றைக்கும் நடுவில் இரண்டு வருஷம் காணோம். அந்த இடத்தில் "தனிப்பட்ட காரணங்கள்" என்று போட்டிருந்தான்.

காரணம் எனக்குத் தெரியும். குரூப் தேர்வுக்குப் படித்தான். இரண்டு முறை எழுதினான். இரண்டு முறையும் தேறவில்லை. "அதையே எழுதேன்டா" என்றேன். "எழுதினா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டாங்க மாமா. உண்மையை எழுதி யாராவது வேலை வாங்கியிருக்காங்களான்னு உங்க பழைய காகிதத்துல எல்லாம் தேடிப் பாருங்களேன்" என்றான்.

கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் பழைய கடிதங்களைப் படிப்பது என் பொழுதுபோக்கு. அதனால் நிஜமாகவே தேட உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேர் கிடைத்தார்கள்.

முதல் ஆள் ராபர்ட் பிராஷ். நியூயார்க்கில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டார், 1934-ல் ஹாலிவுட்டில் இருந்த இயக்குநர்கள், தயாரிப்பாளர்கள் பலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார். அதில் படிப்பு பற்றியோ அனுபவம் பற்றியோ பட்டியல் இல்லை. தனக்குப் பிடித்த வார்த்தைகளின் பட்டியல்தான் இருந்தது. வழுவழுவென்று நாக்கில் புரளும் வார்த்தை, விறைப்பான வார்த்தை என்று ரகம் ரகமாகப் பிரித்து அடுக்கியிருந்தார்.

இவருக்கும் ஒரு வருஷ இடைவெளி உண்டு. அதை மறைக்கவில்லை. ஐரோப்பாவுக்குப் போய் ஒரு வருஷம் படித்தேன், யோசித்தேன், வெட்டியாகவும் சுற்றினேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மூன்று பேர் நேரில் கூப்பிட்டார்கள். எம்.ஜி.எம். நிறுவனத்தில் இளநிலை எழுத்தாளர் வேலை கிடைத்தது. பின்னாளில் 'பேட்டில்கிரவுண்ட்' படத்துக்காகத் திரைக்கதை ஆஸ்காரும் வாங்கினார்.

பையனிடம் சொன்னேன். "ஐரோப்பாவுல சுத்தினேன்னு எழுதினா யாரு வேணா கூப்பிடுவாங்க. மொட்டை மாடியில உக்காந்து படிச்சேன்னு எழுதினா?" என்றான். நியாயமான கேள்விதான். அமெரிக்காவே வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில் ஒரு வருஷம் ஐரோப்பாவில் இருக்க முடிந்தவருக்கு, அதைச் சிரித்துக்கொண்டே சொல்வதில் பெரிய சிரமம் இருந்திருக்காது.

அடுத்தவர் யூடோரா வெல்ட்டி. 1933 மார்ச் 15 அன்று நியூயார்க்கர் பத்திரிகைக்கு வேலை கேட்டு எழுதுகிறார். அந்தத் தேதியைக் கவனியுங்கள். ரூஸ்வெல்ட் நாடு முழுக்க வங்கிகளை மூடச் சொல்லி, அவை அப்போதுதான் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கியிருந்தன. மூடிக் கிடந்த நியூயார்க் பங்குச் சந்தை திறந்ததே அன்றைக்குத்தான். அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை.

அந்த நாளில், 23 வயதுப் பெண் என்ன எழுதினார் தெரியுமா? நாட்டிலேயே பின்தங்கிய மாநிலமான மிசிசிப்பியிலிருந்து வருவதாகச் சொல்கிறார். கல்லூரியில் எந்தக் கவலையும் இல்லாமல் இலக்கியம் படித்தாராம். ஊர் வானொலி நிலையத்தில் கோவேறு கழுதைத் தீவன விளம்பரம்கூட எழுதியிருக்கிறாராம். தன் மூளை வேகமாக ஓடும், ஆனால் விஷயத்தை விட்டு விலகி ஓடும் என்கிறார். அந்தப் பத்திரிகையின் பிரபல கார்ட்டூனிஸ்ட் ஜேம்ஸ் தர்பருக்கு ஒருவேளை புத்தி பேதலித்துவிட்டால் அவர் மாதிரி வரையவும் தன்னால் முடியுமாம். தகுதி? பூ ஓவியம் கற்றிருக்கிறார்!

நான் ஆசிரியராக இருந்தால் அன்றைக்கே வரச் சொல்லியிருப்பேன். நியூயார்க்கர் வேலை தரவில்லை. வெல்ட்டி மிசிசிப்பிக்குத் திரும்பினார், கதைகள் எழுதினார். அதே பத்திரிகை பிற்பாடு அவர் கதைகளை வெளியிட்டது. 1973-ல் அவருக்குப் புலிட்சர் பரிசு தந்த 'தி ஆப்டிமிஸ்ட்ஸ் டாட்டர்' நாவலின் முதல் வடிவம் வந்ததும் நியூயார்க்கரில்தான். ஆனால் 1933-ல் வேலை இல்லை என்பது இல்லைதான். பின்னால் வந்த பரிசைக் காட்டி அதை நான் பூசி மெழுக விரும்பவில்லை. நல்ல கடிதம், உண்மையான கடிதம், சிரிக்க வைக்கும் கடிதம். பலிக்கவில்லை.

மூன்றாவது ஆள் நம்ம ஊர்க்காரர். சீனிவாச ராமானுஜன்.

1912 பிப்ரவரி 9, திருவல்லிக்கேணி. மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிறார். வயது 24. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகப்போகிறது. அந்த விண்ணப்பத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை. தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன் என்கிற, நம் தாத்தாக்கள் காலத்து அச்சு. மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார். எஃப்.ஏ. வரை, அதாவது கல்லூரியின் முதல் இரண்டு வருஷப் படிப்பு வரை, படித்ததாகச் சொல்கிறார். பாதகமான சில சூழ்நிலைகளால் அதற்கு மேல் தொடர முடியவில்லை என்கிறார்.

அந்தச் சூழ்நிலைகள் என்ன? கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906-ல் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தேறவில்லை. 1907-ல் மறுபடி எழுதினார், அப்போதும் தேறவில்லை. இரண்டு தோல்விகள். அவர் அதைத் தோல்வி என்று எழுதவில்லை. என் அக்கா பையனின் "தனிப்பட்ட காரணங்கள்" நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

ஆனால் அடுத்த வரியைப் பாருங்கள். தன் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து அந்தத் துறையை வளர்த்து வருவதாக எழுதுகிறார். துறைமுகக் குமாஸ்தா வேலைக்கு யார் சார் இதைக் கேட்டார்கள்? விண்ணப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத அந்த ஒரு வரிதான் அதில் அப்பட்டமான உண்மை.

வேலை கிடைத்தது. மார்ச் 1 முதல், மாதம் 30 ரூபாய். கடிதத்தால் மட்டும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசு கூடவே போனது. போர்ட் டிரஸ்டின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதம் தெரிந்தவர்.

இதோடு நிறுத்தினால் ராமானுஜனுக்கு நகைச்சுவையே வராது என்று நினைத்துவிடுவோம். ஒரு வருஷம் கழித்து, 1913 பிப்ரவரி 27 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு இரண்டாவது கடிதம் எழுதுகிறார். என் கணக்குப்படி 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை மைனஸ் பன்னிரண்டில் ஒரு பங்கு. இதைச் சொன்னால் நீங்கள் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் வழி காட்டுவீர்கள் என்கிறார். தான் அரைப்பட்டினி ஆள் என்றும், மூளையைக் காப்பாற்ற முதலில் சோறு வேண்டும் என்றும் கூச்சமில்லாமல் எழுதுகிறார். இதுவும் ஒருவகையில் விண்ணப்பம்தான். உதவித்தொகை வாங்க உதவும்படி ஒரு ஆதரவுக் கடிதம் கேட்கிறார். மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது.

இரண்டு கடிதத்துக்கும் நடுவில் என்ன மாறியது? ஹார்டி அதற்குள் பதில் எழுதிவிட்டார். இந்த ஆள் நான் சொல்வதைப் படிக்கிறார், புரிந்துகொள்கிறார் என்று ராமானுஜனுக்குத் தெரிந்துவிட்டது. கையில் 30 ரூபாய் சம்பளமும் இருந்தது. அதற்குப் பிறகுதான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஜோக் வருகிறது. வெல்ட்டி முகம் தெரியாத ஆசிரியர்களிடம் முதல் வரியிலிருந்தே விளையாடினார். பிராஷ் அதே விளையாட்டைப் பலரிடம் ஆடினார், மூன்று பேர் சிரித்தார்கள். ராமானுஜன் எதிராளி யாரென்று தெரிந்த பிறகுதான் சிரிக்க வைத்தார். இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வரிசைதான் கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் பையனும் நானும் உட்கார்ந்து அந்த இடத்தை மாற்றினோம். "இரண்டு வருடம் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்தேன். தேர்ச்சி பெறவில்லை." அவ்வளவுதான். அரசியலமைப்பின் 12 அட்டவணைகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், உங்கள் கம்பெனிக்கு அதனால் பயனில்லை என்பதும் தெரியும் என்று இன்னொரு வரி சேர்த்திருந்தான். அதை எடுத்துவிட்டு, "இது நேர்ல சொல்றதுக்கு வெச்சுக்கோ" என்றேன்.

ஆறு இடத்துக்கு அனுப்பினான். ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டதும் சேர்த்து வைத்திருந்த வரியைச் சொல்லியிருக்கிறான். கேட்டவர் சிரித்துவிட்டு, "அப்போ எட்டாவது அட்டவணையில என்ன இருக்கு?" என்றாராம். "மொழிகள் சார், 22" என்றானாம். அதன் பிறகு அரைமணி நேரம் கணக்கு வழக்கு பற்றிப் பேசியிருக்கிறார்கள். கடைசியில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

இதை எழுதும் இன்றைக்குப் பதினோரு நாள் ஆகிறது. இன்னும் சொல்லி அனுப்பவில்லை.