நேர்வாள எண்ணெய் காட்டிய பூட்டு

நேர்வாளங் கொட்டையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடும் பேதி மருந்தாகச் சித்த மருத்துவர்கள் அதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். அது நஞ்சு என்பதால், முறைப்படி சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்ப்பார்கள். அதன் எண்ணெய் தோலில் பட்டால் எரிச்சலும் கொப்புளமும் உண்டாகும்.

அந்த எண்ணெய் தோலில் என்னதான் செய்கிறது? இக்கேள்விக்கு விடை தேடிப் போனவர்கள், உயிரணு தனக்குள் செய்தி அனுப்பும் முறை ஒன்றையே கண்டறிந்தார்கள். அந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

எலித்தோலில் ஒரு புதிர்

1940-களில் ஆக்ஸ்போர்டில் ஐசக் பெரன்பிளம் என்பவர் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். 1947-இல் அவரும் பிலிப் ஷூபிக்கும் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. புற்றுநோயை உண்டாக்கும் ஒரு பொருளைச் சுண்டெலியின் தோலில் ஒரே ஒரு முறை, மிகக் குறைந்த அளவில் தடவினார்கள். அதனால் மட்டும் கட்டி தோன்றவில்லை. பின்னர் அதே இடத்தில் நேர்வாள எண்ணெயைப் பல வாரங்கள் தொடர்ந்து தடவியபோது கட்டிகள் முளைத்தன. முதற்பொருள் விதையை ஊன்றியது. எண்ணெய் அதற்கு நீர் வார்த்தது எனலாம். புற்றுநோய் படிப்படியாக வளர்வது என்ற கருத்து இத்தகைய சோதனைகளால் வேரூன்றியது.

எண்ணெயில் வேலை செய்வது எது? ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் எரிக் ஹெக்கர் குழுவினர் 1960-களில் அப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவை 'ஃபார்பால் எஸ்டர்கள்' எனப்பட்டன. மிகமிகச் சிறிய அளவே போதும், உயிரணு கிளர்ந்தெழும். இவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்கிறதென்றால், அதைப் பற்றிக்கொள்ள உயிரணுவில் தக்க இடம் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? சாவி கையில் இருந்தது. பூட்டு எங்கே என்பதுதான் தெரியவில்லை.

கோபே நகரில் கிடைத்த பூட்டு

பூட்டைக் கண்டவர் அதைத் தேடிப் போனவர் அல்லர். ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் யசுடோமி நிஷிசூகா 1977-இல் எலியின் மூளையிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தார். பிற புரதங்களின் மீது பாஸ்பேட்டை ஏற்றுவது அதன் தொழில். 'புரதக் கைனேஸ் சி' என்று அதற்குப் பெயர் வந்தது.

இந்நொதி ஒரு விந்தை காட்டியது. மூளைச் சவ்விலிருந்து எடுத்த கொழுப்பைச் சேர்த்தால் எளிதில் இயங்கியது. இரத்தச் சிவப்பணுச் சவ்வின் கொழுப்பைச் சேர்த்தால், கால்சியத்தை மிகுதியாக ஊற்றினாலன்றி இயங்கவில்லை. மூளைக் கொழுப்பில் சிறிதளவு கலந்திருந்த 'டையசைல்கிளிசரால்' என்னும் எளிய கொழுப்பே இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்று 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெளிவாயிற்று. கலப்படம் என்று கழித்து விட்டிருக்கக்கூடிய பொருளே உண்மையான செய்தியாக இருந்தது!

இது எங்கிருந்து வருகிறது? உயிரணுவின் வெளிப்புறத்தில் சில இயக்குநீர்கள் வந்து தட்டியதும், சவ்வில் உள்ள ஒரு கொழுப்பை ஒரு நொதி இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு உள்ளே மிதந்து செல்கிறது. சவ்விலேயே தங்கும் மற்றொரு துண்டே டையசைல்கிளிசரால். சற்று நேரத்தில் உயிரணு அதை அழித்து விடும். 'வா' என்று அழைத்துவிட்டு மறையும் குரல் அது.

1982-இல் மோனிக் காஸ்டானியா என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் நிஷிசூகா குழுவினரும் இரு கதைகளையும் இணைத்தனர். ஃபார்பால் எஸ்டர் இதே நொதியை நேரடியாக இயக்கியது. நேர்வாளத்தின் நஞ்சு, டையசைல்கிளிசராலைப் போல நடிக்கும் கள்ளச் சாவி. ஆனால் உயிரணுவால் அதை எளிதில் அழிக்க முடிவதில்லை. அதனால் பூட்டு திறந்தபடியே கிடக்கிறது.

துத்தநாகம் எதற்கு?

1980-களின் நடுவில் இந்நொதியின் அமினோ அமில வரிசை வெளியாயிற்று. அதில் ஒரு சிறு பகுதி, ஏறத்தாழ 50 அமினோ அமிலம் நீளமுள்ளது, இருமுறை வந்தது. சிஸ்டீன் என்னும் கந்தக அமினோ அமிலங்கள் அதில் ஓர் ஒழுங்கில் அமைந்திருந்தன. அதற்குச் சற்று முன்புதான், 1985-இல், கேம்பிரிட்ஜில் ஆரன் குளூக் குழுவினர் டி.என்.ஏ.-வைப் பற்றும் 'துத்தநாக விரல்'களை விவரித்திருந்தனர். ஆனால் இப்பகுதி பற்றியது டி.என்.ஏ.-வை அன்று, கொழுப்பை. அதை நீக்கினால் நொதி ஃபார்பால் எஸ்டரைப் பற்றும் ஆற்றலை இழக்கிறது என 1989-இல் காட்டப்பட்டது. இன்று அதன் பெயர் 'சி-1' பகுதி.

1995-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹர்லியும் உடன் உழைத்தோரும் எக்ஸ் கதிர்களின் உதவியால் அதன் உருவத்தைக் கண்டனர். உள்ளே 2 துத்தநாக அயனிகள். ஒவ்வொன்றையும் 3 சிஸ்டீன்களும் 1 ஹிஸ்டிடினும் பிடித்திருந்தன. துத்தநாகம் கொழுப்பைத் தொடுவதே இல்லை. பந்தலை நிறுத்தும் முளைபோல் புரத இழையை இழுத்துக் கட்டி உருவம் தருவதே அதன் பணி.

அந்த உருவத்தின் உச்சியில் ஒரு சிறு பள்ளம் உண்டு. பள்ளத்தின் உட்புறம் நீரை விரும்புவது. அதைச் சுற்றியுள்ள பரப்போ நீரை வெறுப்பது. ஃபார்பால் எஸ்டர் அப்பள்ளத்தில் மூடிபோல் பொருந்தியதும் உச்சி முழுவதும் நீரை வெறுக்கும் பரப்பாகிறது. உடனே புரதம் எண்ணெய்ப்பசையுள்ள சவ்வில் பதிந்து கொள்கிறது. இவ்வளவு எளிய ஏற்பாடு!

இயற்கை இந்த உத்தியை வேறிடத்திலும் கையாண்டுள்ளது. உயிரணு உட்கொண்ட பொருள்களைச் சுமக்கும் நுண்பைகளின் சவ்வில் பாஸ்பேட் தாங்கிய ஒரு கொழுப்பு உண்டு. 2 துத்தநாக அயனிகள் கொண்ட 'எஃப்.ஒய்.வி.இ.' என்னும் மற்றொரு புரதப் பகுதி அதை அடையாளம் காண்கிறது என 1998-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தெரிவித்தன.

தலைகீழான முடிவு

கட்டியை வளர்க்கும் எண்ணெய் இந்த நொதியை இயக்குகிறது. ஆகவே நொதியை அடக்கினால் புற்றுநோய் அடங்கும். இப்படித்தான் பலரும் எண்ணினர். அடக்கும் மருந்துகளும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

2015-இல் கலிபோர்னியாவில் அலெக்சாண்ட்ரா நியூட்டன் குழுவினர், மனிதப் புற்றுநோய்களில் இந்நொதிக்கு ஏற்படும் மரபு மாற்றங்களுள் ஒரு பகுதியை ஆராய்ந்தனர். பெரும்பாலானவை நொதியின் செயலைக் குறைத்தன. செயலைக் கூட்டியது ஒன்றுகூட இல்லை. அப்படியானால் இந்நொதி பல இடங்களில் புற்றுநோய்க்குக் காவலாளி! ஃபார்பால் எஸ்டர் நொதியை இடைவிடாது இயக்கினால், உயிரணு அந்நொதியையே சிதைத்து ஒழித்து விடுகிறது என்பது முன்பே தெரிந்த செய்திதான். அதன் பொருள் பின்னரே முழுமையாக விளங்கலாயிற்று.

கள்ளச் சாவி நமக்குப் பூட்டைக் காட்டியது. ஆனால் கதவுக்குப் பின்னால் இருப்பவன் கள்ளனா காவலனா என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. ஒரு பொருள் இயங்குகிறது என்று காண்பது வேறு, எவ்வளவு நேரம் இயங்குகிறது, பிறகு என்ன ஆகிறது என்று காண்பது வேறு. இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்ததால் மருத்துவ ஆய்வு பல ஆண்டுகள் திசைமாறிச் சென்றது. நாளை ஆய்வுக்கூடத்தில் நுழையவிருக்கும் மாணவர்களே, இதை நினைவில் இருத்துங்கள்.