கங்காணி இல்லாத தொழிற்சாலை

போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சின்னக்கானல் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டியவரை தேயிலைச் சரிவுதான். கொழுந்து அள்ளிக் கொடுக்கும் மாதங்களில் தேயிலைத் தொழிற்சாலையின் வாட்டும் தொட்டிகள் நிரம்பிவிடும் என்று வைத்துக்கொள்வோம். எதை நிறுத்துவது? உருட்டும் எந்திரத்தை நிறுத்தினால் வாடிய இலை வீண். உலர்த்தும் உலையை நிறுத்தினால் உருட்டிய இலை அளவுக்கு மீறிப் புளித்துக் கெட்டுப்போகும். நிறுத்த வேண்டியது மலைச்சரிவில் கொழுந்து கிள்ளும் கையை. கிள்ளாத இலை செடியிலேயே இருக்கும், சேதாரம் குறைவு. அந்தச் சேதியைக் கொண்டுபோகத் தோட்டத்தில் கங்காணி உண்டு. ஆனால் அந்த இலைக்குள் இருக்கும் உயிரணுவுக்குள் யார் உண்டு?

1950-களில் குடல் பாக்டீரியாவான ஈ. கோலையை வளர்த்து ஆராய்ந்தவர்களுக்கு முன்னால் இதே கேள்வி வந்து நின்றது. ஓர் அமினோ அமிலத்தை வெளியிலிருந்து ஊட்டினால், பாக்டீரியா அதைத் தானே தயாரிப்பதை உடனே நிறுத்திக்கொள்கிறது. யாரிடமிருந்து அதற்குத் தகவல் போகிறது?

ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் இருந்த எட்வின் உம்பார்கர் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துக்கொண்டார். திரியோனைனில் தொடங்கி ஐந்து படிகள் கடந்து அது உருவாகிறது. படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி. முதல் படியின் நொதியோடு ஐசோலூசினைக் கலந்தபோது அந்த நொதியின் வேலை தளர்ந்தது. ஆக, ஐந்தாம் படியில் பிறந்த பொருளே முதல் படிக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்துகிறது. 1956-இல் 'சயன்ஸ்' இதழில் இதை ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். அதே ஆண்டு கலிபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் யேட்ஸும் ஆர்தர் பார்டியும், மரபுப் பொருளுக்கான பிரிமிடின்கள் உருவாகும் பாதையில் இதே ஏற்பாட்டைக் கண்டார்கள். பின்னூட்டத் தடுப்பு பிறந்தது இப்படி, இரண்டு ஊர்களில், ஒரே ஆண்டில்.

பிறந்ததும் ஒரு புதிரைக் கையோடு கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் கதையின் மிக அழகான பகுதி இதுதான். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல நொதிக்குள் அதன் மூலப்பொருள் பொருந்துகிறது என்பதே அதுவரை இருந்த பாடம். தடுக்கும் பொருளும் அதே சாவித்துளையை அடைத்துக்கொள்கிறது என்று நினைக்கலாம். ஆனால் பிரிமிடின் பாதையில் தடுப்பது அதன் இறுதிப் பொருளான சிடிபி, தடுக்கப்படும் நொதி பிடிப்பதோ தன் மூலப்பொருளான அஸ்பார்டேட்டை. இரண்டுக்கும் முகச்சாயல்கூடக் கிடையாது. சாயலே இல்லாத சாவி எப்படி அந்தத் துளையில் நுழையும்?

பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த ழான்-பியர் ஷாஞ்சோ 1961-இல் ஒரு விடையை முன்வைத்தார். தடுக்கும் பொருள் சாவித்துளைக்கே போவதில்லை. நொதியின் உடலில் வேறோர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பார்டியும் ஜான் கெர்ஹார்ட்டும் 1962-இல் சொன்னதும் இதற்கு ஒத்துப்போனது. அவர்களுடைய நொதியை இதமாகச் சூடாக்கினால் அது வேலையை விடாமல் செய்தது. சிடிபி சொல்வதை மட்டும் கேட்க மறுத்தது. கையும் காதும் வெவ்வேறு இடத்தில் இருந்தால்தானே கை பிழைத்துக் காது மட்டும் போகும்? பிறகு அந்த நொதி வேலை செய்யும் துண்டு, கட்டளை கேட்கும் துண்டு என்று தனித்தனியாகப் பிரித்தே காட்டப்பட்டது. காதில் சேதி விழுந்ததும் நொதியின் உருவம் இளகி மாறுகிறது, கையின் பிடி தளர்கிறது. வேறு உருவம் என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, அதே பாஸ்டர் நிறுவனத்தின் மோனோவும் ஜாக்கோபும் இதற்கு 'அல்லோஸ்டெரிக்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கதையில் நம் அடுப்படிப் பயறுக்கும் ஓர் இடம் உண்டு. பெர்க்லியில் பாக்டீரியாவில் பார்த்த அதே நொதியை, 1970-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் என். அப்பாஜி ராவ், சி. எஸ். வைத்தியநாதன் ஆகியோரின் குழு முளைவிட்ட பாசிப்பயறிலிருந்து பிரித்தெடுத்து ஆராய்ந்தது. பயறிலும் தடுப்பு உண்டு, தடுப்பவர்தான் வேறு. சிடிபிக்குப் பதில் அதே பாதையில் உருவாகும் யுஎம்பி. முறை ஒன்றே, ஆள் மட்டும் மாறியிருந்தது. காலையில் சுண்டலுக்காக ஊறவைத்து முளைகட்டும் பயறுக்குள் இந்தக் கணக்கெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சின்னக்கானல் சரிவில் நிற்கும் தேயிலைக்கு வருவோம். கொழுந்தின் துவர்ப்புக்குக் காரணமான கேட்டசின்கள் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து கிளம்பும் பாதையில் உருவாகின்றன. செடிகளில் ஃபீனைல்அலனின் மிகுந்தால், அதற்கு வழிவிடும் முந்தைய நொதியான கோரிஸ்மேட் மியூட்டேஸை அதுவே மந்தமாக்கும். பக்கத்துக் கிளையில் உருவாகும் டிரிப்டோபன் மிகுந்தால், அதே நொதி முடுக்கிவிடப்படும். ஒரு கிளை நிறைந்ததும் ஓட்டம் மறு கிளைக்குத் திரும்புகிறது. இது செடியில் இருக்கும் வரை.

கிள்ளி, வாட்டி, உருட்டும் எந்திரத்தில் போட்டதும் உயிரணுக்களின் உள்ளறைகள் கிழிகின்றன. அதுவரை ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருந்த கேட்டசினும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் காற்றின் ஆக்சிஜனோடு கலக்கின்றன. பச்சை இலை செம்பாகச் சிவக்கிறது, தேநீரின் நிறமும் மணமும் பிறக்கின்றன. போதும் என்று சொல்லும் ஒழுங்கு குலைந்துபோயிருக்கிறது. அதனால்தான் உலர்த்தும் உலையருகே நிற்பவர் இலையின் நிறத்தையும் வாசனையையும் பார்த்து நேரம் கணிக்கிறார், சரியான பதத்தில் அதை உலைச்சூட்டுக்குள் அனுப்பி நொதியை அடக்குகிறார்.