தஞ்சைப் பெரிய கோயில் பணியாளர் கல்வெட்டு

தஞ்சைப் பெரிய கோயிலில் பணிக்கு அமர்த்தப்பட்டவர்களை முதலாம் இராசராச சோழன் ஆள்வாரியாகப் பதிந்துவைத்த நீண்ட கல்வெட்டு. வடக்குத் திருச்சுற்றின் வெளிப்புறச் சுவரில் உள்ளது. அரசனின் 29-ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது ஏறத்தாழ கி.பி. 1014 வரை, செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ச் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் 66-ஆம் எண்ணாக அச்சேறியது.

முதலில் வருபவர்கள் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். திருவாரூர், திருவையாறு, பழையாறை, திருவிடைமருதூர் எனக் காவிரி டெல்டாவின் பல கோயில்களிலிருந்து வந்த ஆடல் மகளிர் இவர்கள். ஒவ்வொருவருக்கும் தெரு, அதில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, முன்பு இருந்த கோயில், பெயர் என்று வரிசை தவறாமல் வருகிறது. சிறகு என்பது தெருவின் ஒரு பக்க வீட்டு வரிசை. அதன் முதல் வீடு தலைவீடு. எச்சுமண்டை, தில்லையழகி, சேரமங்கை என்று ஒரே பெயர் பலருக்கு இருந்தும் குழப்பமில்லை. வீடும் பழைய கோயிலும் ஆளைப் பிரித்துக் காட்டிவிடுகின்றன. சோழர் காலத்துச் சாதாரணப் பெண்கள் இத்தனை பேரை முகவரியோடு நமக்குத் தரும் வேறெந்தச் சான்றும் இதற்கு ஈடில்லை.

அடுத்து நட்டுவர், பாடுவோர், வாத்தியக்காரர், கணக்கர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் வருகின்றனர்.  இவர்கள் பெறும் பங்கின் அளவு படிநிலையைக் காட்டுகிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளப்பது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். ஆடல் மகளிருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, நட்டுவருக்கு இரண்டு, கீழ்க்கணக்கருக்கு முக்கால்.

இது பட்டியல்தான். ஆட்களின் படிநிலையைக் காட்ட நிறுவனத்தைப் படமாக வரையும் வழக்கம் மிகப் பிந்தியது. நியூயார்க்–ஈரி ரயில்வேக்காக டேனியல் மெக்காலம் 1855-இல் வரையச் செய்த மரம் போன்ற படத்தையே முதல் நிறுவன வரைபடமாகப் பொதுவாகக் கொள்கிறார்கள். இன்று இத்தகைய வரைபடத்தை இணையத்தில் பலர் சேர்ந்து திருத்துகிறார்கள். வரைவது எளிது, ஆள் மாறியதும் பழசாகிவிடுவதுதான் அதன் தீராத நோய்.

ஆள் மாறும் இந்தச் சிக்கலைத் தஞ்சைக் கல்வெட்டு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது. அதன் மிகச் சிறந்த பகுதி என நான் கருதுவது அதற்கான விதியைத்தான். ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவருக்குத் தகுதியில்லை என்றால், தகுதியுள்ள ஒருவரை அவரே அமர்த்த வேண்டும். உறவினரே இல்லாவிட்டால் பொறுப்பு அரசனிடம் போவதில்லை. அதே பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடி, தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பங்கு நெல் அவருக்கு.