மரக்காலில் அளந்த மழை

2022 நவம்பர் 12 காலையில போன்ல ஒரு எண் வந்தது: சீர்காழி, 44 செ.மீ. ஒரே நாள் மழை! உடனே தஞ்சாவூர்ல இருக்கிற தாத்தாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கேட்டது ஒண்ணுதான்: "எத்தனை நேரத்துலடா பெஞ்சுது?"

எனக்குத் தெரியலை. அந்த எண்ணுக்கும் தெரியாது. சாதாரண மழைமானி என்பது ஒரு புனலும் அடியில ஒரு பாத்திரமும்தான். தினமும் காலை 8.30 மணிக்கு ஒருத்தர் வந்து அளவுக் குவளையில ஊத்திப் பார்த்து எழுதுவார். 24 மணி நேரத்துக்கு ஒரே ஒரு ரீடிங். 44 செ.மீ.ன்னா ஒவ்வொரு சதுர மீட்டர்லயும் 440 லிட்டர். அது நாள் முழுக்கப் பெஞ்சா வாய்க்கால் கொஞ்சமாவது வடிச்சிருக்கும். சில மணி நேரத்துல கொட்டினா, டெல்டா மாதிரி தட்டையான நிலத்துல, இளம் சம்பாப் பயிர் மூழ்கிடும். எங்க பாஷையில சொன்னா, டேட்டா இருக்கு, டைம்ஸ்டாம்ப் இல்லை.

அப்போ யாருக்காக இப்படி அளந்தாங்க? இங்கதான் கதை சுவாரஸ்யமாகுது. 1905 வாக்குல, தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் கீழைக் கலை நூலகத்துக்கு ஒரு ஓலைச்சுவடி கொடுத்தார். சாம சாஸ்திரி அதைப் படிச்சு, 1909-ல அச்சுல கொண்டுவந்தார். அதுதான் அர்த்தசாஸ்திரம். அதுல மழைமானி வருது: ஒரு முழம் அகல வாயுள்ள பாத்திரம். எங்க வைக்கணும்? அரசாங்கத் தானியக் களஞ்சியத்துல! மழையோட அளவு துரோணம். அது தானியம் அளக்கிற அளவும்கூட. அவந்தி நாட்டுக்கு 23 துரோணம்னு கணக்கு கொடுத்திருக்கு.

நம்ம பஞ்சாங்கத்தைப் பாருங்க, வருஷத்து மழையை இத்தனை மரக்கால்னு இன்னும் போடுறாங்க. நெல் அளக்கிறதும் மரக்கால்தான், 12 மரக்கால் ஒரு கலம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல வர்ற மரக்காலுக்கு 'ஆடவல்லான்'னு பேரே உண்டு. கொரியாவுல 1441-ல செஜோங் மன்னர் காலத்துல மழைமானி செஞ்சு மாகாணங்களுக்கு அனுப்பினதும் விளைச்சலை மனசுல வெச்சுத்தான். வெள்ளைக்காரன் காலத்துல தாலுகா ஆபீஸ் வாசலுக்கு அது வந்ததும் ஆச்சரியமில்லை. வரி வாங்குறவனுக்கு மொத்தம் போதும். பயிர் வெச்சவனுக்குத்தான் நேரம் வேணும். அவன் 'உழவு மழை'ன்னு சொன்னான், அதாவது ஏர் ஓட்டுற அளவுக்கு நிலம் நனைஞ்சிருக்கு. எனக்கு இது செ.மீ.யைவிட நல்ல அளவாத்தான் தோணுது.

இதுல இன்னொரு சிக்கல். ஜூலையில குடகு மலையில காத்து மோதி, மேலே ஏறி, குளிர்ந்து பெய்யற மழை தஞ்சாவூர் மழைமானியில ஒரு துளிகூட விழாது. அது மேட்டூர் வழியா ஆறா வரும். சித்திரை வெயில்ல சூடேறின காத்து எழும்பி, சாயங்காலம் இடியோட கொட்டும் பாருங்க, அது ஒரு ஊரை நனைச்சுட்டு பக்கத்து ஊரை விட்டுடும். ஒரு தாலுகாவுக்கு ஒரு மானி வெச்சா அதை எப்படிப் பிடிக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில வங்கக் கடல் தாழ்வு மண்டலம் கொண்டுவர்ற மழை மட்டும்தான் ஓரளவு எல்லா மானியிலயும் பதிவாகும்.

கடைசியா பனி. தை மாசத்துல அறுத்துக் களத்துல கிடக்கிற நெல் மேல ராத்திரி ஈரம் படியும். அது விழறதில்லை, குளிர்ந்த நெல் மேலயே ஆவி நீராகுது. மழைமானி பூஜ்யம் காட்டும். ஆனா கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினா எடுக்க மாட்டாங்க. சில வருஷம் மத்திய அரசு அதைத் தளர்த்தியிருக்கு, அதுவும் மழை பெஞ்சு சேதமான பிறகுதான். தாத்தா அந்த மீட்டருக்குக் காத்திருக்க மாட்டார். ஒரு நெல்லை எடுத்துப் பல்லுல கடிப்பார். 'டக்'னு உடைஞ்சாத்தான் மூட்டை கட்டச் சொல்வார்.