ஏறுன கியர்லயே இறங்கு: நீலகிரி ரயில் சொல்லித்தரும் பாடம்

எனக்குச் சொந்த ஊர் திட்டக்குடி. வெள்ளாத்துப் பாலம்தான் எங்களுக்குப் பெரிய மேடு. அப்படிப்பட்ட நான், நண்பர்களோட ஒரு கேம்பர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஊட்டிக்குப் போனேன். லாரி சேசிஸ் மேல கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் ஏத்துன வண்டி. கல்லாறு தாண்டினதும் இன்ஜின் சூடு முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி நின்னோம். கீழே ரயில் தண்டவாளம் தெரிஞ்சுது. இன்னைக்குக் கதை அதைப் பத்திதான்.

நீலகிரிக்கு ரயில் விடணும்ங்கிற யோசனை 1854-லயே வந்தது. வேலை தொடங்கியது 1891-ல். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் ரயில் வந்தது. ஏன் இவ்வளவு காலம்? மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், மேலே 2,203 மீட்டர். கல்லாறு - குன்னூர் பகுதியில் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி ஏத்தம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிடும். அதனால ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் பல்சட்ட முறையைப் போட்டாங்க. நடுவில் இரண்டு பல்சட்டங்கள், பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும். ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடிச்சிருக்கும்.

1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த இன்ஜின்கள் வந்தன. நாலு சிலிண்டர். இரண்டு சக்கரத்தைச் சுத்தும். அதிலிருந்து வெளியேறும் நீராவியே மற்ற இரண்டுக்குப் போய் பல்சக்கரத்தைச் சுத்தும். பின்னாளில் நம்ம திருச்சி பொன்மலைப் பணிமனையே இந்த வகை இன்ஜினைச் செய்தது.

இப்போ நம்ம வண்டிக்கு வருவோம். 12 டன் வண்டி இதே ஏத்தத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டும் சுமார் 70 குதிரைத்திறன் வேணும். வேகத்தை இரட்டிப்பாக்கினா அதுவும் இரட்டிப்பு. மெதுவாப் போறதால ரேடியேட்டருக்கு எதிர்காத்தும் குறைவு. சூடு ஏறாம என்ன செய்யும்? ஊட்டி உயரத்தில் காத்தின் அடர்த்தியும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே திணறும்.

ஆனா உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான். அதே வண்டி ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 700 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பகுதியை பிரேக் தலையில் கட்டினா, பிரேக் பிடிக்காமலே போயிடும்.

ரயிலைக் கட்டினவங்களுக்கு இது தெரியும். அதான் பல்சட்டப் பகுதியில் இன்ஜின் எப்பவும் பள்ளத்துப் பக்கம் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால நின்னு பெட்டிகளைத் தாங்கும். சிலிண்டருக்குள்ள காத்தை அழுத்தியே வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

அன்னைக்கு ராத்திரி லாரி ஓட்டுற என் மாமாவுக்கு போன் போட்டேன். அவருக்கு ஆப்ட் யாருன்னு தெரியாது. ஆனா சொன்னார்: "தம்பி, எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்குடா. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதே. நியூட்ரல் பக்கமே போகாதே."

மறுநாள் இரண்டாம் கியர்லயே இறங்கினோம். பின்னால ஹார்ன் அடிச்சாங்க. அடிக்கட்டும்னு விட்டுட்டோம். பிரேக் வாசனையே வரலை.